மரக்கறிக்குப் பெரிய றி போடு, தம்பி

தம்பி,

நீ போனில் அனுப்பிய கல்யாணச் சாப்பாட்டு அட்டை கிடைத்தது. பூப்போட்ட கரை, ஒரு பக்கம் பிரெஞ்சு, மறுபக்கம் வியட்நாம் எழுத்து, நடுவில் தமிழ். பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழில் என்ன எழுதியிருக்கிறாய் என்று உனக்குத் தெரியுமா? 'மரக்கரி' என்று எழுதியிருக்கிறாய். மரக்கரி என்றால் விறகு எரிந்து மிஞ்சுகிற கரி, ராசா. பாரிஸுக்கு வெளியே எபினேயில் இருந்தும் வில்லியே லே பெல்லில் இருந்தும் எங்கள் சனம் பட்டும் நகையுமாக வந்து மேசையில் அமர்ந்து, இன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் அடுப்புக்கரி பரிமாறுகிறார்கள் என்று வாசிக்கப் போகிறது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவலும் கொடுத்தால் விடுவார்களா? அது மரக்கறி. பெரிய றி. அச்சடிக்கக் கொடுக்கும் முன் திருத்திவிடு.

கடையில் தராசுக்குப் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துத் தனியே சிரித்துவிட்டேன். முருங்கைக்காய் நிறுக்கத் தந்த பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பார்த்தால் பார்க்கட்டும். உன் கல்யாணத்தை நினைத்துச் சிரிக்கக்கூடிய நிலைக்கு வந்துவிட்டேனே என்று எனக்குப் பெரிய ஆறுதல். போன குளிர்காலம் முழுவதும் இதே கடையில், இதே தராசடியில், வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றவள் நான். பாரிஸ் லாச்சப்பலில் மரக்கறிக் கடையில் வேலை செய்வதில் அந்த ஒரு வசதி உண்டு, அழுதாலும் ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

மணப்பெண் லின்னின் அம்மா கல்யாணத்துக்குச் சமைக்கப்போகிற 'கா ரி'க்கு அந்தப் பெயர் எங்கேயிருந்து வந்தது என்று அட்டையின் அடியில் போட ஒரு வரி எழுதித் தரச் சொல்லியிருக்கிறாய். ஒரு வரிதான் கேட்டாய். உன் அம்மாவிடம் இருந்து ஒரு வரியில் எது வந்திருக்கிறது? நீ துலூஸில் இருக்கிறாய், போனில் கதைத்தால் இடையில் உனக்கு வேறு அழைப்பு வந்துவிடும். ஆகவே எழுதுகிறேன். எழுத்துக்கூட்டி மெதுவாக வாசி. விளங்காத இடத்தில் கேள். பிறகு லின்னுக்குப் பிரெஞ்சில் சொல், இது அவளுக்கும் சேர்த்து எழுதுகிற கடிதம்தான்.

நீ லின்னைப் பற்றி முதன்முதலில் சொன்ன அன்று அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். உன் அப்பாவின் கோபம் கத்தினால் ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிடும், பேசாமல் இருந்தால்தான் பயம். பல நாள் பேசாமல் இருந்துவிட்டுக் கடைசியில் என்னிடம் சொன்னார், "பிள்ளை நல்ல பிள்ளைதான். ஆனால் அவையள் எல்லாத்தையும் சாப்பிடுவினமாம்." யார் சொல்வது? பிரெஞ்சுக்காரனின் உணவகத்தில் காலமெல்லாம் நத்தைக்கு வெண்ணெயும் பூண்டும் போட்டு அவித்துக் கொடுத்த மனிதர். ஆனால் அவரோடு அதைச் சொல்லி வாதாட முடியாது. வெள்ளிக்கிழமை என்றால் அவருக்கு வேறு உலகம். காலையில் முழுகி, கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டு வேலைக்குப் போனால், அன்றைக்குக் குழம்பில் ஒரு துளியைக்கூட நாக்கில் வைத்துப் பார்க்கமாட்டார், ருசி பார்க்கப் பக்கத்தில் நிற்கிறவனைக் கூப்பிடுவார். சைவம் இல்லாத வீட்டில் வெள்ளிக்கிழமை ஒரு வாய்ச் சோறும் தொடமாட்டார். இந்தப் பிடிவாதத்தோடுதான் நான் குடித்தனம் செய்து வருகிறேன்.

எனக்கு இருந்த பயம் வேறு. அதை உன்னிடம் சொன்னதில்லை, இப்போது சொல்லலாம். பள்ளிக்கூடம் முடியும் வயதில் நீ எங்களோடு தமிழில் பேசுவதை விட்டுவிட்டாய். நான் தமிழில் கேட்பேன், நீ பிரெஞ்சில் பதில் சொல்வாய், அப்படியே எங்கள் வீட்டுப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டுக்குள் இருக்கும்வரை அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. உனக்கென்று ஒரு வீடு வரும், அங்கே பிரெஞ்சும் வியட்நாமும் பேசுவீர்கள், நான் வந்து கதிரை நுனியில் இருந்து 'மேர்சி, மேர்சி' என்று நன்றி சொல்லிவிட்டு எழும்பி வருகிற ஒருத்தியாகிவிடுவேன் என்று நினைத்தபோதுதான் அது உறைத்தது. மருமகள் எந்த ஊர்க்காரி என்பதல்ல என் கவலை. என் பிள்ளையின் வீட்டில் நான் விருந்தாளியாகிவிடுவேனோ என்பதுதான்.

இப்படி இரண்டு பேரும் ஆளுக்கொரு பயத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்த வேளையில் லின் எனக்குப் போன் எடுத்தாள். 'மாமி' என்று தொடங்கினாள், அதை நீதான் பழக்கியிருக்க வேண்டும். பிறகு பிரெஞ்சில், வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வாருங்கள், அம்மா கா ரி சை செய்வா என்றாள். பின்னால் மெத்ரோ சத்தம். எனக்குக் காதில் விழுந்தது இரண்டு சொல். ஒன்று கறி. மற்றது சாய். அவள் சொன்னது 'சை', என் காது அதை 'சாய்' என்று நீட்டிக்கொண்டது. இந்தக் காலத்தில் பாரிஸில் எந்தக் கஃபேயில் பார்த்தாலும் 'சாய்' என்று எழுதி ஏலக்காய்த் தேத்தண்ணி விற்கிறார்கள், வேறு எதை நினைப்பது? கறி என்றால் இந்த நாட்டில் கோழிதான். பிரெஞ்சுக்காரனிடம் கறி என்று சொல், உடனே கோழி என்பான், அவனுக்குக் கத்தரிக்காய்க் கறி ஒன்று இருப்பதே தெரியாது. ஆக, வெள்ளிக்கிழமை எங்களைக் கூப்பிட்டுக் கோழிக்கறியும் தேத்தண்ணியும் தரப்போகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். திருப்பிக் கேட்கவில்லை. "வீ, வீ, த்ரே பியன்" என்றேன், ஓம், ஓம், மிகவும் நல்லது என்று.

இந்த 'வீ, வீ'தான் நான் இந்த நாட்டில் பழகிய முதல் கெட்ட பழக்கம். அது எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது. பாரிஸுக்கு வந்த புதிதில் தெருமுனைப் பாண் கடைக்குள் தனியே போய், வேறு சொல் தெரியாமல் 'பாண்' என்றேன். பிரெஞ்சிலும் ரொட்டிக்குப் பெயர் கிட்டத்தட்ட அதுதான், அந்தப் பெண் ஒரு நீளப் பாணைக் கையில் தந்தாள். எனக்கு வந்த சந்தோசப் புளுகத்தைப் பார்க்க வேண்டும், பிரெஞ்சு என்ன பெரிய பிரெஞ்சு, அரைவாசி தமிழ்தானே என்று நினைத்தேன். அந்தத் துணிவில் அடுத்த நாள் அதே கடையில் 'பால்' என்றேன். அவள் முகத்தைச் சுருக்கி, பந்து நாங்கள் விற்பதில்லை மதாம், விளையாட்டுச் சாமான் கடைக்குப் போங்கள் என்று கையைக் காட்டினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "வீ, வீ" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, அவள் காட்டிய திசையில் கொஞ்ச தூரம் நடந்தும் போனேன். அன்றைக்குத் தொடங்கியது. நீயும் லின்னும் ஒருவருக்கொருவர் விளங்காததற்கு 'வீ' சொல்லாதீர்கள். கல்யாணத்தில் சண்டை கெடுப்பதைவிட இந்த 'வீ' கெடுப்பது அதிகம்.

அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"கறியும் தேத்தண்ணியும் குடுக்கினமாம்."

"வெள்ளிக்கிழமையோ?"

"ஓம்."

"அப்ப நான் வரேல்லை. நீர் போட்டு வாரும்."

"சம்பந்தி வீட்டுக்கு முதல் முதல் நான் தனியப் போறதோ? இஞ்சாருங்கோ, வீட்டிலை வயிறு முட்டச் சாப்பிட்டிட்டுப் போவம். அங்கை போய்த் தேத்தண்ணி மட்டும் குடிப்பம். மரியாதையும் கெடாது, விரதமும் கெடாது."

அவர் யோசித்தார். "தேத்தண்ணி மட்டும்," என்றார். "வேறை ஏதும் எண்டால் நான் எழும்பிப் போடுவன். பிறகு என்னைக் குறை சொல்லப்படாது."

அன்று சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, கீரை, அப்பளம் எல்லாம் வைத்து, இரண்டு பேரும் மூச்சு முட்டச் சாப்பிட்டோம். அவர் இரண்டாம் தரமும் சோறு போட்டுக்கொண்டார், போகிற இடத்தில் பசியால் சபலம் வந்துவிடக்கூடாதாம். பிறகு ஸ்தலின்கிராட்வரை நடந்துபோய் ஏழாம் இலக்க மெத்ரோ எடுத்தோம். லின் வீட்டார் இருக்கிற பதின்மூன்றாம் வட்டாரம் வரும்வரை அவர் வயிற்றைத் தடவிக்கொண்டே வந்தார். நீ துலூஸில் இருந்து நேரே அங்கே வந்துவிட்டாய், ஆகவே இதெல்லாம் உனக்குத் தெரியாது.

கதவைத் திறந்த லின்னின் அம்மாவைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. சின்ன உருவம், கண்ணில் ஒரு அவசரம், அடுப்படியில் இருந்து நேரே வந்த கை. வீட்டுக்குள் ஊதுபத்தி மணம். மூலையில் சின்னச் சாமித் தட்டு, அதில் தோடம்பழம். அப்பா அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தன்னை அறியாமல் கும்பிட்டார். நான் நேரத்தை வீணாக்கவில்லை. அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "மதாம், சாய் மட்டும். எங்களுக்குச் சாய் மட்டும்" என்றேன். அவ முகம் மலர்ந்துவிட்டது. என் கையை இறுக்கி, "வீ, வீ! சை மட்டும்! எல்லாம் சை!" என்றா. அவவுடைய பிரெஞ்சும் என் பிரெஞ்சும் ஒரே கால் முடம், ஆகவே எங்களுக்குள் நன்றாக ஒத்துப்போயிற்று. அப்பா என் காதில், "நல்ல மனிசியாத்தான் இருக்கிறா, சொன்னவுடனை விளங்கிப்போட்டுது" என்றார்.

அதன் பிறகு நடந்ததில் பாதியைத்தான் நீ பார்த்தாய். நீ குசினியில் பாண் வெட்டிக்கொண்டு நின்றாய். எங்களை மேசைக்குக் கூப்பிட்டார்கள், தேத்தண்ணிக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று போய் அமர்ந்தோம். வந்ததோ ஒரு பெரிய பானை. அந்த அம்மா மூடியைத் தூக்கினா. மஞ்சள் நிறத் தேங்காய்ப்பால், உருளைக்கிழங்கு, வற்றாளங்கிழங்கு, எலுமிச்சம்புல் மணம். நடுவில் பெரிய பெரிய துண்டுகள். தோல் சுருங்கி, நார் நாராக, தொடைத்துண்டு போலவே இருந்தன. அவ அதில் மிகப் பெரியதாகப் பார்த்து எடுத்து முதலில் அப்பாவின் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தா.

அப்பா கோப்பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கதிரை பின்னால் போன சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

"இஞ்சாரும், எழும்பும். போவம்."

"இருங்கோ, அந்த மனிசி பாவம்..."

"வெள்ளிக்கிழமை எண்டு தெரிஞ்சுகொண்டு கோழியைக் கோப்பையிலை வைக்கிறதோ? உவையளோடை எனக்குச் சரிவராது. சொன்னன்தானே."

கோட்டை எடுத்து ஒரு கையை நுழைத்துவிட்டார். லின்னின் அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. உறைப்புக் கூடவோ என்று பிரெஞ்சில் கேட்டா.  லின் வியட்நாமில் ஏதோ கெஞ்சினாள். அந்த அம்மா அகப்பையை மேசையில் வைத்துவிட்டு, கைகளை மடியில் துடைத்தா. அந்த முகத்தை நான் அறிவேன், தம்பி. பாடுபட்டுச் சமைத்ததை ஒருவர் தொடாமல் எழும்பிப் போகும்போது ஒரு பெண்ணுக்கு வருகிற முகம். அவ கோபத்தை விழுங்கினா, இனி என்னிடம் கையைத் தரமாட்டா என்று நினைத்தேன். உன் கல்யாணம் அந்த மேசையில் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். உன் அப்பாவும் வரமாட்டார், நீயும் எங்களிடம் வரமாட்டாய், நடுவில் நான் நிற்பேன்.

அப்போதுதான் நீ பாண் தட்டோடு வந்தாய். முதலில் பிரெஞ்சில் ஏதோ சொன்னாய். அப்பா திரும்பவே இல்லை, கோபம் வந்தால் அவருக்குப் பிரெஞ்சு ஏறாது. நீ தட்டை வைத்துவிட்டு, அந்தக் கட்டிடமே கேட்கிறமாதிரிக் கத்தினாய்.

"அப்பா! சைவம்! எல்லாம் சைவம்! சை எண்டால் சைவம் அப்பா!"

அவர் ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்றார். "என்ன சொன்னனீ?"

"கோழி இல்லை. மா! கோதம்பமா! அவ காலமையிலை இருந்து மாவைப் பிசைஞ்சு, தண்ணியிலை கழுவிக் கழுவிச் செய்தவ. உங்களுக்காகத்தான் செய்தவ. நீங்கள் வெள்ளிக்கிழமை சைவம் எண்டு நான்தான் சொன்னனான். அவையளுக்கும் பறுவத்திலை சைவம். இண்டைக்கு ரெண்டும் ஒண்டா வருது எண்டுதான் அவ இந்த நாளைப் பாத்தவ!"

பறுவம்! பௌர்ணமிக்கு நாங்கள் வீட்டில் சொல்கிற அந்தச் சொல் உனக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு இன்னும் தெரியாது. வீட்டில் நான் நாள் பார்க்கும்போது முணுமுணுப்பது உன் காதில் விழுந்து, இத்தனை காலமும் அங்கேயே கிடந்திருக்கிறது. தமிழே பேசாத என் பிள்ளை, இலக்கணம் பிசகாமல், எங்கள் பேச்சில், மூச்சு விடாமல் அவ்வளவும் சொன்னான். நீ அன்று நான் அழுததைப் பார்த்து அப்பாவை நினைத்து அழுகிறேன் என்று எண்ணி என் தோளைத் தொட்டாய். அப்பாவை நினைத்து யார் அழுதது? உன் வாயால் தமிழ் கேட்டு அழுதேன். குளிர்காலம் முழுக்க என் நெஞ்சில் கிடந்த கல் அந்த நிமிடம் இறங்கியது.

அப்பா கோட்டைக் கழற்றாமலே கதிரையில் அமர்ந்தார். அந்தத் துண்டை விரலால் பிய்த்து, மணந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வாயில் போட்டார். மென்றார். "முப்பது வருசமாக் குசினியிலை நிண்டவன் நான்," என்றார், "என்னையே ஏமாத்திப்போட்டா." நீ அதைப் பிரெஞ்சில் சொன்னாய். அப்போதும் எனக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. "அப்ப தேத்தண்ணி?" என்று கேட்டேன். "எந்தத் தேத்தண்ணி மாமி?" என்றாள் லின். அதன் பிறகுதான் சாயும் சையும் வெளியே வந்தன. லின்னின் அம்மா மேசையில் தலையை வைத்துச் சிரித்தா. நாங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த கதையையும் நீ போட்டு உடைத்தாய். ஆனாலும் அவ விடவில்லை, அப்பா கழுத்துவரை சோற்றை வைத்துக்கொண்டு இரண்டாம் சாப்பாடும் சாப்பிட்டார். செய்த பாவத்துக்கு அன்றைக்கே தண்டனை கிடைத்தது.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். அப்பாவுக்கு வயிறு நிறைந்ததும் ஞானம் பிறந்துவிட்டது, உனக்கு ஞாபகம் இருக்கும். "சை எண்டது எங்கடை சைவம்தான், கப்பலேறிப் போகேக்கை வால் அறுந்துபோட்டுது" என்று அடித்துச் சொன்னார். நானும் நம்பினேன், நம்ப ஆசையாக இருந்தது. லின் போனில் தேடிப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கி, இல்லை மாமா என்றாள். அவளுடைய அம்மா விளக்கினா. சை என்றால் நோன்பு, மனத்தையும் வாயையும் சுத்தமாக வைப்பது, சீனத்தில் இருந்து புத்த கோயில் வழியாக வந்த சொல், நோன்பு நாளில் மாமிசம் உண்ணாததால் கடைசியில் அந்தச் சாப்பாட்டுக்கே பெயராகிவிட்டது என்று. கேட்க எனக்குச் சிலிர்த்தது. எங்கள் சைவமும் அப்படித்தானே வந்தது? சிவனைக் கும்பிடுகிற சமயத்துக்குப் பெயர், பிறகு அந்தச் சமயத்தார் உண்கிற சோற்றுக்குப் பெயர். அவர்களும் நாங்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே கோயிலில் இருந்து குசினிவரை ஒரே பாதையில் நடந்திருக்கிறோம். அப்பாவுக்கு இது போதவில்லை. "அதைச் சீனன் கொண்டு போயிட்டானோ" என்று முகத்தைத் தொங்கப் போட்டார்.

அவரைத் தேற்றத்தான் அந்த அம்மா கா ரியின் கதையைச் சொன்னா. அது உங்களுடையது, அதில் சண்டையே இல்லை என்றா. அவ பிறந்தது சைகோனில். பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் புதுச்சேரியில் இருந்தும் காரைக்காலில் இருந்தும் கப்பலில் போன தமிழர் அங்கே சந்தைக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்தார்களாம். மஞ்சள் தூளையும் கறித்தூளையும் கடதாசியில் சுற்றித் தருவார்களாம். கறி என்ற சொல் எங்கள் வாயில் இருந்து பிரெஞ்சுக்காரனின் வாய்க்குப் போய், அங்கேயிருந்து அவர்களிடம் போய்க் கா ரி ஆகியிருக்கிறது. 'கா'வில் குரலை இறக்க வேண்டும், 'ரி'யைச் சமமாக விட வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தா. பெரிய றியை அவர்களால் சொல்ல முடியவில்லை, கடலில் விழுந்துவிட்டது போலும். உன் அட்டையிலும் அதுதான் விழுந்திருக்கிறது, ஆகவே உன்னை மட்டும் குறை சொல்ல முடியாது.

லின் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? அவர்களுடைய மொழியில் 'கா' என்றால் கத்தரிக்காயாம். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கா ரி என்பது 'ரி' என்ற ஊரில் விளைகிற கத்தரிக்காய் என்று நினைத்திருந்தாளாம், ஒவ்வொரு முறையும் பானைக்குள் கத்தரிக்காயைத் தேடுவாளாம். அது கேட்டு நான் கத்தரிக்காய்ப் பால்கறியை நினைத்தேன், அடுத்த முறை அவளுக்கு அதை வைத்துக் கொடுப்பேன். நான் என் பங்குக்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ் ரீச்சர் சொல்லித் தந்ததைச் சொன்னேன். பழைய தமிழில் கறி என்றால் மிளகு. மிளகு போட்டுச் சமைத்ததெல்லாம் கறியாகி, மரத்தில் செடியில் காய்த்தது மரக்கறியாகிவிட்டது. மிளகாய் பிறகு வந்து மிளகின் இடத்தைப் பிடித்துக்கொண்டது, ஆனால் பெயரை அதனால் பிடுங்க முடியவில்லை.

பிறகு பாண். கா ரியைச் சோற்றோடு மட்டுமல்ல, பாணோடும் தொட்டுச் சாப்பிடுவார்களாம். அந்த அம்மா பாண் துண்டை நீட்டி 'பான்' என்றா. அப்பா நிமிர்ந்து, "பாண்!" என்றார். அவ "பான்!" என்றா. அவர் "பாண், பாண்!" என்றார். இரண்டு பேரும் ஒரே துண்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, பிள்ளைகள் மாதிரி. அப்பாவுக்கு வந்த சந்தோசத்தைப் பார்த்து லின் இந்த முறை போனைத் தொடவில்லை, அவளுக்கு நல்ல புத்தி. நீதான் எனக்குப் பிறகு சொன்னாய், எங்கள் பாண் போர்த்துக்கேயன் தந்தது, அவர்களின் பான் சீனத்தில் இருந்து வந்த பழைய சொல், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை என்று. அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். கறியும் கா ரியும் இரத்த உறவு. பாணும் பானும், சைவமும் சையும் சம்பந்தம் செய்துகொண்டவை. குடும்பம் என்றால் இரண்டு வகையும் வேண்டும்தானே. உன் அட்டைக்கு இப்படிப் போடு: 'கா ரி, தமிழர் கொடுத்த சொல், வியட்நாமியர் சமைத்த கறி.' அதற்குமேல் எழுதினால் ஆட்கள் சாப்பிடாமல் வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

கல்யாணம் கட்டப் போகிறவனுக்குப் புத்தி சொல்லாமல் கடிதத்தை முடித்தால் நான் அம்மா இல்லை. லின் தமிழ் பேசும்போது திருத்து, சிரிக்காதே. நீ வியட்நாம் பேசும்போது அவள் சிரித்தால் பொறுத்துக்கொள், முதலில் அவர்கள் மொழியில் ஆறு விதமாகக் குரலைத் தூக்கிப் போடப் பழகு. அவளுடைய அம்மாவை வாரத்தில் ஒரு நாளாவது நீயே கூப்பிடு, லின் நினைவூட்டும்வரை காத்திருக்காதே. உன் வீட்டில் கோபம் வந்தால் கத்து, அப்பாவைப் போலப் பேசாமல் இருக்காதே. கோட்டை எடுக்க முதல், கோப்பையில் இருப்பது என்ன என்று கேள்.

நீ அறியாத ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் அங்கேயே நின்றுவிட்டீர்கள், நாங்கள் மெத்ரோவில் திரும்பினோம். அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசாமல் வந்தார். சிரித்ததெல்லாம் சபை மரியாதைக்குத்தானோ, வீட்டுக்குப் போனதும் பழையபடி முறுக்கிக்கொள்வாரோ என்று நினைத்துக்கொண்டு வந்தேன். உன் அப்பாவின் குணம் ஒன்று உனக்குச் சொல்ல வேண்டும். பிறத்தியார் வீட்டில் எதை வைத்தாலும், வேப்பங்காயை வைத்தாலும், 'நல்லாயிருக்கு' என்பார். கல்யாணம் முடித்த புதிதில் என் சமையலையும் ஒவ்வொரு நாளும் நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இந்த மனிதருக்கு நான் இன்னும் பிறத்திதானோ என்று நான் ஒளித்திருந்து அழுதிருக்கிறேன். ஒரு நாள் கோப்பையைத் தள்ளி, "புளி கூடிப்போட்டுது" என்றார். எனக்கு உண்மையாகக் கல்யாணம் நடந்தது அன்றைக்குத்தான்.

மெத்ரோ சத்லேயைத் தாண்டியது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"அந்த மனிசியின்டை கறிக்கு உப்புக் காணாது," என்றார். "அடுத்தமுறை போகேக்கை சொல்லோணும்."

உன் அம்மா